பயனர் ஏற்றியதற்கு நீங்கள் பதில் சொல்ல நேர்ந்தால்: அமெரிக்காவில் சிறு இணையச் சேவை நடத்துபவர்களுக்கு

அரங்கேற்றம், பாட்டு வகுப்பின் ஆண்டுவிழா, தமிழ்ப் பள்ளி நாடகம் என்று குடும்பங்கள் எடுக்கும் வீடியோக்களை ஏற்றிப் பகிர்ந்துகொள்ள, அமெரிக்காவில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய சேவை நடத்துகிறோம். ஒரு சனிக்கிழமை காலை சேவை மொத்தமும் நின்றுபோயிருந்தது. ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் பதிப்புரிமைப் புகார் அனுப்பியிருந்தது. இப்படிப்பட்ட புகார்களை வாங்கிக்கொள்ள எங்கள் பெயரில் பதிவான முகவர் யாரும் இல்லாததால் புகார் நேராக ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அவர்கள் ஒரே ஒரு வீடியோவுக்காக எங்கள் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். திங்கள் மாலைதான் திரும்பி வந்தது.

அந்தப் பதற்றத்தில் நான் செய்த காரியம் அதைவிட மோசம். புகாரில் சொன்ன வீடியோவை நிரந்தரமாக அழித்துவிட்டேன். அதில் இருந்தது, ஒரு பாட்டியும் பேத்தியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடிய, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கீர்த்தனை. கீர்த்தனைக்கு இன்று பதிப்புரிமை கிடையாது. பாடியவர்கள் அவர்களே, பதிவு செய்ததும் அவர்களே. புகார்தான் தவறு. குடும்பத்திடம் வேறு பிரதி இல்லை. எங்கள் பேக்கப்போ ஏழு நாள்தான் தங்கும். நான் விஷயத்தைப் புரிந்துகொண்டபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சட்டத்தை வரிவரியாகப் படித்தேன், ஒரு வழக்கறிஞரிடமும் உட்கார்ந்து கேட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல. கீழே இருப்பது, புகார் வருவதற்கு முன்னாலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் நினைப்பவை. எல்லாமே அமெரிக்கச் சட்டம்.

1. உங்கள் சேவை எந்த வகை என்று முதலில் பாருங்கள்

பதிப்புரிமை விஷயத்தில் உங்களைக் காப்பது 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் ஆக்ட்) சட்டம், அதிலும் குறிப்பாக 512ஆம் பிரிவு. அது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. வெறும் இணைய இணைப்பு மட்டும் கொடுப்பவர் (அடுக்ககத்துக்கு வைஃபை கொடுப்பவர் மாதிரி) ஒரு வகை. பயனர் ஏற்றியதைத் தன் சர்வரில் வைத்திருப்பவர் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாம் வகைக்கு. முகவர் பதிவு, நோட்டீஸ் (உரிமையாளர் அனுப்பும் புகார்), எதிர் நோட்டீஸ் (புகார் தவறு என்று பயனர் அனுப்பும் மறுப்பு) எல்லாம் முக்கியமாக இவர்களுக்குத்தான். ஆனால் திரும்பத் திரும்ப மீறுபவரை வெளியேற்றும் கொள்கை இரண்டு வகையினருக்கும் கட்டாயம்.

இந்தப் பாதுகாப்பு 'பயனர் தானாக ஏற்றியது' என்பதற்கு மட்டுமே. நாங்கள் தொடக்கத்தில் என்ன செய்தோம் தெரியுமா? கணினி பழக்கமில்லாத நடன ஆசிரியர்கள் பென்டிரைவில் கொடுத்த வீடியோக்களை, உதவி என்று நினைத்து, நாங்களே எங்கள் நிர்வாகக் கணக்கிலிருந்து ஏற்றினோம். அப்படி ஏற்றியதற்கு 'பயனர் போட்டது' என்று சொல்லி நிற்க முடியாது. தன்னார்வலர்களை வைத்துப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டாலும் இதே கேள்வி வரும். 2017இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் வழக்கில் 9ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவுகளைத் தேர்ந்தெடுத்த தன்னார்வ மட்டுறுத்துநர்கள் நிறுவனத்தின் சார்பில் இயங்கியவர்களா என்பதை விசாரிக்கத்தான் வேண்டும் என்றது. ஆசிரியருக்கு உதவ வேண்டுமானால் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கும் அவருடையதாக இருக்கட்டும், ஏற்றும் பொத்தானை அழுத்தும் கையும் அவருடையதாக இருக்கட்டும்.

2. முகவரைப் பதிவு செய்யுங்கள்: 6 டாலர், ஒரு மாலை நேரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பதிப்புரிமைப் புகார்களை வாங்கிக்கொள்ள ஒரு முகவரை நியமித்து, அவர் விவரத்தை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று உங்கள் சேவையில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். இன்னொன்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில். நாங்கள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, முடிந்தது என்று இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தோம். இரண்டும் இருந்தால்தான் பாதுகாப்பு. பதிவு செய்த நாளுக்கு முன்னால் நடந்ததற்கு அது பின்னோக்கிப் போய்க் காப்பாற்றாது.

கணக்குத் தொடங்கும்போது முதன்மைத் தொடர்பாளர், இரண்டாம் தொடர்பாளர் என்று இரண்டு பேர் விவரம் கேட்பார்கள். பிறகு தேவைப்படுபவை இவை:

- சேவையை நடத்தும் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர். எல்எல்சியாக (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனமாக) பதிந்திருந்தால் அந்தப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.
- நிறுவனத்தின் தெரு முகவரி. இங்கே தபால் பெட்டி எண் சாதாரணமாகச் செல்லாது.
- தொலைபேசி, மின்னஞ்சல்.
- மக்கள் உங்களைத் தேடக்கூடிய எல்லா மாற்றுப் பெயர்களும்: தளப் பெயர், செயலியின் பெயர், பழைய பெயர்.
- முகவரின் பெயர், அவருடைய நிறுவனம், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்.

முகவர் என்றதும் வழக்கறிஞரைத் தேடி ஓடாதீர்கள். நீங்களே முகவராக இருக்கலாம். ஆளின் பெயருக்குப் பதில் 'பதிப்புரிமைப் பொறுப்பாளர்' என்று பதவியையும் கொடுக்கலாம், ஒரு பிரிவின் பெயரையும் கொடுக்கலாம். பதவியைக் கொடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஆள் மாறினாலும் பதிவை மாற்ற வேண்டியதில்லை.

கட்டணம் 6 டாலர். மாற்றுப் பெயர் எத்தனை கொடுத்தாலும் கூடுதல் கட்டணம் இல்லை. பிறகு ஏதாவது திருத்தினால் மறுபடி 6 டாலர். கட்டியதும் ரசீதைச் சேமியுங்கள். அடுத்து, யாரோ ஒரு புகார்காரர் தேடுவதுபோல நீங்களே பதிவேட்டில் உங்கள் தளப் பெயரைத் தேடிப் பாருங்கள். வருகிறதா? அந்தப் பக்கத்தை தேதியுடன் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் உள்ள பள்ளங்கள்:

வீட்டிலிருந்து நடத்துகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டு முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறும். முகவரின் முகவரிக்குத் தபால் பெட்டி எண் செல்லும், நிறுவனத்தின் முகவரிக்குத்தான் செல்லாது. வீட்டு முகவரி வெளியே தெரியக் கூடாது என்றால், பதிவு செய்வதற்கு முன்பே நிறுவனத்துக்கு வேறொரு உண்மையான தெரு முகவரியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு நிறுவனம் வைத்திருந்தால் இரண்டு பதிவு வேண்டும். தாய் நிறுவனத்தின் பதிவு கிளை நிறுவனத்துக்குப் பொருந்தாது.

'டிஎம்சிஏ பாதுகாப்பு' என்று முத்திரைப் படம் விற்பவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் ஏற்றித்தருகிறோம் என்று பல மடங்கு பணம் கேட்பவர்களும் உண்டு. முத்திரைப் படம் பதிவு ஆகாது. படிவம் நீங்களே நிரப்பக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறது.

பதிவு 3 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதி. இடையில் திருத்தம் செய்தால் அந்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு. நினைவூட்டல் அஞ்சல் பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். வேலையை விட்டுப் போனவரின் அஞ்சலைக் கொடுத்திருந்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

3. உங்கள் தளத்தில் எழுதி வைக்க வேண்டியவை

முகவரின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் நான்கும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். உள்நுழையாமலே பார்க்க முடிய வேண்டும். அந்த மின்னஞ்சல் மூன்று பேருக்காவது போகட்டும். எங்களுடையது ஒருவருக்கு மட்டும் போனது, அவர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு நோட்டீஸ் பதினோரு நாள் திறக்கப்படாமல் கிடந்தது.

அடுத்தது, திரும்பத் திரும்ப மீறுபவரின் கணக்கை மூடுவோம் என்ற கொள்கை. எத்தனை முறை என்று சட்டம் எண் சொல்லவில்லை. நாங்கள் மூன்று என்று வைத்திருக்கிறோம். எண்ணைவிட முக்கியம், எழுதியதைச் செய்வது. காக்ஸ் என்ற இணைய இணைப்பு நிறுவனம் கொள்கையை எழுதி வைத்திருந்தது. கணக்குகளை மூடுவது போல் மூடி மறுபடி திறந்துவிட்டது. 2018இல் 4ஆவது சர்க்யூட் நீதிமன்றம், கொள்கையை உண்மையில் அமல்படுத்தாததால் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே யாருக்கு எப்போது எத்தனையாவது எச்சரிக்கை என்பதற்கு ஒரு விரிதாள் போதும், ஆனால் அது இருந்தாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சின்னக் கடமையும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கம்யூனிகேஷன்ஸ் டீசன்சி ஆக்ட் என்ற வேறொரு சட்டத்தின் 230ஆம் பிரிவின்படி, பயனர் உங்களுடன் ஒப்பந்தம் செய்யும்போது, குழந்தைகளுக்குத் தகாததைத் தடுக்கும் பெற்றோர் கட்டுப்பாட்டுக் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பயன்பாட்டு விதிகளில் இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது.

4. புகார் வந்துவிட்டது: முதலில் ரகம் பிரியுங்கள்

எல்லாப் புகாரும் ஒரே தொனியில்தான் வரும். 'உடனே நீக்கு, இல்லாவிட்டால் வழக்கு.' ஆனால் பதிப்புரிமைக்கு ஒரு சட்டம், அவதூறுக்கு ஒரு சட்டம், அந்தரங்கப் படத்துக்கு ஒரு சட்டம், குழந்தைகள் தொடர்பானதற்கு இன்னொன்று. காலக்கெடுவும் வேறு. படித்தவுடன், இது எந்த ரகம் என்று தலைப்பில் எழுதி, வந்த நாளையும் மணியையும் குறியுங்கள். எந்தப் பொத்தானையும் அதற்கு முன் அழுத்தாதீர்கள். 8, 9ஆம் படிகளில் உள்ள ரகம் என்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அங்கே போங்கள்.

பதிப்புரிமை என்றால் நோட்டீஸில் ஆறு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: உரிமையாளர் அல்லது அவர் சார்பாளரின் கையொப்பம் (மின்கையொப்பம் போதும்), மீறப்பட்ட படைப்பு எது, நீக்க வேண்டியது எது என்பதும் அது எங்கே இருக்கிறது என்பதும், புகார்காரரின் தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன் என்ற வாசகம், கடைசியாக, தகவல் சரியானது என்ற உறுதியும், உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் உண்டு, பொய்யானால் பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகமும்.

எங்கள் பாட்டி-பேத்தி வீடியோவுக்கு வந்த நோட்டீஸை இப்போது எடுத்துப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. படைப்பின் பெயர் இருந்த இடத்தில் கீர்த்தனையின் முதல் வரி மட்டும் இருந்தது. எந்த ஒலிப்பதிவு, எந்த ஆல்பம், யார் பாடியது, ஒன்றும் இல்லை. கையொப்பமும் இல்லை. வாசித்துப் பார்த்திருந்தாலே, ஏதோ ஒரு மென்பொருள் தலைப்பை வைத்துப் பொருத்தி அனுப்பியது என்று தெரிந்திருக்கும்.

அதற்காக, குறை இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. படைப்பு எது, நீக்க வேண்டியது எது, தொடர்பு விவரம் என்ன என்ற மூன்றும் ஓரளவு இருந்து மற்றவை குறைந்தால், நீங்கள் உடனே புகார்காரரைத் தொடர்புகொண்டு முழுமையான நோட்டீஸ் வாங்க முயல வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் 'உங்களுக்கு அப்போதே தெரியும்' என்று பிறகு உங்களுக்கு எதிராகச் சொல்லலாம். இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: இன்னின்ன விவரம் இல்லை, அனுப்புங்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், சட்டப் பாதுகாப்பு இல்லாமல் வழக்கில் மாட்டினால் நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். வேண்டுமென்றே மீறியது என்றால் 1,50,000 டாலர் வரை போகும். படைப்பு ஒன்றுக்கு, மறந்துவிடாதீர்கள்.

5. எடுங்கள், ஆனால் அழிக்காதீர்கள்

நோட்டீஸ் சரியாக இருந்தால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்று 512ஆம் பிரிவில் எண் இல்லை. நாங்கள் ஒரு வேலை நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எடுப்பது என்றால் யாரும் பார்க்க முடியாமல் செய்வது. சட்டம் கேட்பதும் அவ்வளவுதான்: நீக்கு அல்லது அணுக முடியாமல் செய். கோப்பைப் பூட்டிய ஒரு தனி இடத்துக்கு நகர்த்துங்கள். அசல் தேதி, தலைப்பு, ஏற்றியவர் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும். எங்கள் நிர்வாகப் பலகையில் முன்பு 'அழி' என்று ஒரே பொத்தான்தான் இருந்தது. இப்போது 'மறை' என்று ஒன்று சேர்த்து, 'அழி'க்கு இரண்டு பேர் ஒப்புதல் தேவை என்று மாற்றியிருக்கிறோம். இந்த மாற்றத்துக்கு அரை நாள் வேலைதான் ஆனது.

எடுத்தவுடன் ஏற்றியவருக்குச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். நாங்கள் இப்போது தமிழிலும் அனுப்பும் அஞ்சல் இது:

'வணக்கம். நீங்கள் ஏற்றிய இந்த வீடியோவுக்கு எதிராகப் பதிப்புரிமைப் புகார் வந்திருக்கிறது. அதன் நகலை இணைத்திருக்கிறோம். சட்டப்படி வீடியோவை இன்று மறைத்திருக்கிறோம், அழிக்கவில்லை. புகார் தவறு என்று நீங்கள் கருதினால் எதிர் நோட்டீஸ் அனுப்பலாம். அதில் என்ன இருக்க வேண்டும் என்ற விவரம் கீழே. உங்களிடம் அசல் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எங்களுக்குச் சொல்லுங்கள்.'

கடைசி வாக்கியம் சட்டம் கேட்காதது. அந்தப் பாட்டியின் குடும்பத்துக்காகச் சேர்த்தது.

6. எதிர் நோட்டீஸ் வந்தால்: நாட்காட்டியை எடுங்கள்

பயனரின் எதிர் நோட்டீஸில் இருக்க வேண்டியவை: கையொப்பம்; எடுக்கப்பட்டது எது, முன்பு எங்கே இருந்தது; தவறுதலாகவோ வேறொன்று என்று மாற்றி அடையாளம் கண்டதாலோ எடுக்கப்பட்டது என்று நம்புகிறேன், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதி; பெயர், முகவரி, தொலைபேசி; தன் மாவட்டத்து ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன், புகார்காரர் அனுப்பும் வழக்குத் தாள்களை வாங்கிக்கொள்வேன் என்ற சம்மதம். வெளிநாட்டில் இருப்பவர் என்றால், உங்கள் சேவை எந்த மாவட்டத்துக்கு உட்பட்டதோ அந்த நீதிமன்றம்.

பயனருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் எழுதும் வீட்டு முகவரி உள்பட முழு நகலும் புகார்காரருக்குப் போகும். 'ஃபெடரல் நீதிமன்றம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பயந்து பின்வாங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் கொடுக்கிறேன் என்று நீங்கள் நிரப்பித் தரவும் வேண்டாம். அது அவருடைய உறுதிமொழி.

வந்ததும் நகலை உடனே புகார்காரருக்கு அனுப்பி, 10 வேலை நாளில் திரும்பப் போடுவோம் என்று தெரிவியுங்கள். அவர் வழக்குத் தொடுத்ததாக உங்கள் முகவருக்கு அறிவிப்பு வராவிட்டால், எதிர் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாளுக்குக் குறையாமலும் 14 வேலை நாளுக்கு மிகாமலும் திரும்பப் போட வேண்டும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 3ஆம் தேதி திங்கட்கிழமை கிடைத்தது, இடையில் அரசு விடுமுறை இல்லை என்று வையுங்கள். எண்ணிக்கை 4ஆம் தேதி தொடங்கும். பத்தாவது வேலை நாள் 17, பதினான்காவது 21. இந்த இடைவெளிக்குள்தான் போட வேண்டும். 12ஆம் தேதியே நல்ல மனசோடு போட்டுவிட்டாலும் பாதுகாப்பு போகலாம், 25ஆம் தேதி போட்டாலும் போகலாம்.

அடுத்த ஆண்டு ஒரு நடன ஆசிரியர், தன் மாணவிகளின் வர்ணத்துக்கு வந்த புகாருக்கு எதிர் நோட்டீஸ் அனுப்பினார். புகார்காரரிடமிருந்து மறுமொழியே இல்லை. பதினொன்றாவது வேலை நாள் காலை வீடியோ திரும்ப ஏறியது. 'வந்துடுச்சு தம்பி' என்று அவர் போன் செய்தபோது, இந்த முறை எல்லாம் சரியாகச் செய்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தாலும், தெரிந்தே பொய் எதிர் நோட்டீஸ் கொடுத்தாலும், இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கட்ட நேரிடும் என்று அதே 512ஆம் பிரிவில் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் படிவத்தின் தலையிலேயே இதை எழுதி வைத்தோம். குப்பைப் புகார்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன.

7. அவதூறு, வசை: எடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை

ஓர் ஆசிரியரைப் பற்றி இன்னொருவர் கருத்துப் பகுதியில் மோசமாக எழுதினார், நீக்குங்கள் என்று வழக்கறிஞர் கடிதம் வந்தது. இங்கே டிஎம்சிஏ பொருந்தாது. 1996ஆம் ஆண்டின் 230ஆம் பிரிவுதான். பயனர் எழுதியதற்கு உங்களை வெளியீட்டாளராக நடத்த முடியாது என்கிறது அது. புகார் வந்து தெரிந்த பிறகும் இந்தப் பாதுகாப்பு நீடிக்கும் என்று 1997இலேயே ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீதான ஜெரான் வழக்கில் 4ஆவது சர்க்யூட் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்துடன் நீங்கள் எடுத்தாலும் பாதுகாப்பு உண்டு.

எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் எதையும் விட்டுவைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவரின் பெயர் கெடுகிறது, அவர் வகுப்பில் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்றால் அதற்கு நம் சேவைதான் மேடை. நாங்கள் விதிகளில் தனிமனிதத் தாக்குதல் கூடாது என்று எழுதி, அதன்படி எடுக்கிறோம்.

செய்யக் கூடாதது ஒன்று: பயனர் எழுதியதைத் திருத்தி மெருகேற்றுவது. நீங்கள் சேர்த்த சொல் உங்கள் சொல். அதற்கு 230 குடை பிடிக்காது. பதிப்புரிமைக்கும் ஃபெடரல் குற்றவியல் சட்டத்துக்கும்கூட இந்தப் பிரிவு பொருந்தாது.

8. ஒருவரின் அந்தரங்கப் படம்: 48 மணி நேரம்

சம்மதமின்றி வெளியிட்ட அந்தரங்கப் படங்களுக்கு 2025 மே 19 அன்று 'டேக் இட் டவுன்' சட்டம் கையெழுத்தானது. மக்கள் ஏற்றும் பதிவுகளை முதன்மையாகக் கொண்ட பொதுச் சேவைகளுக்கு இது பொருந்தும். செயற்கையாக உருவாக்கிய போலிப் படங்களும் இதில் அடக்கம். கோரிக்கை வாங்க ஒரு வழிமுறையை ஏற்படுத்த 2026 மே 19 வரை அவகாசம் கொடுத்திருந்தது. செல்லுபடியாகும் கோரிக்கை வந்தால் 48 மணி நேரத்துக்குள் எடுத்து, அதே படத்தின் மற்ற பிரதிகளையும் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். கண்காணிப்பது ஃபெடரல் வணிக ஆணையம்.

48 மணி என்பதில் சனி, ஞாயிறும் சேரும். கோரிக்கைப் படிவத்தில் நான்கு மட்டும் கேளுங்கள்: கையொப்பம், படம் எங்கே இருக்கிறது, சம்மதமின்றி வெளியானது என்ற சுருக்கமான வாசகம், தொடர்பு விவரம். அடையாள அட்டை, காவல்துறை அறிக்கை என்று கூடுதலாகக் கேட்டு அலைக்கழிக்காதீர்கள். கேட்பவர் ஏற்கெனவே உடைந்துபோயிருப்பார்.

9. குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல்: யோசிக்க இடமே இல்லை

அப்படி ஒன்று உங்கள் சேவையில் இருப்பது தெரியவந்தால், கூடிய விரைவில் 'சைபர்டிப்லைன்' என்ற புகார் வழி மூலம், காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையமான என்சிஎம்இசிக்குப் புகாரளிப்பது கட்டாயம். தேடித் திரிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தெரிந்தும் வேண்டுமென்றே புகாரளிக்காமல் விட்டால், 10 கோடிக்குக் குறைந்த மாதாந்திரப் பயனர் கொண்ட சேவைக்கு முதல் முறையே 6,00,000 டாலர் வரை அபராதம்.

புகாரில் கொடுத்த விவரங்களையும் கோப்பையும் பூட்டி 1 ஆண்டு பாதுகாக்க வேண்டும். 2024இல் வந்த ரிப்போர்ட் சட்டத்துக்கு முன்பு இது 90 நாள்தான். பழைய வழிகாட்டிகளில் இன்னும் 90 என்றே இருக்கிறது, நம்பாதீர்கள். 'இதைப் பாரேன்' என்று சக ஊழியருக்கு அந்தக் கோப்பை அனுப்புவதே குற்றமாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். பார்த்தவர் ஒருவரே புகாரளிக்கட்டும். சேவை வழங்குநராக அந்த மையத்தில் முன்கூட்டியே பதிந்து வைத்தால், அந்த நேரத்தில் படிவத்தைத் தேடித் தவிக்க வேண்டாம்.

10. பயனர் யார் என்று கேட்டு வந்தால்

காவல்துறை அதிகாரி போனில் கேட்டார் என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். பயனரின் பெயர், முகவரி, ஐபி பதிவு போன்றவற்றை அவர்கள் சப்பீனா (தகவலைக் கொடுக்கும்படி கட்டளையிடும் சட்டத் தாள்) கொண்டு கேட்கலாம். தனிப்பட்ட செய்திகளின் உள்ளடக்கத்துக்கு வாரண்ட் வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நீங்களாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 'அழிக்காமல் வையுங்கள்' என்று மட்டும் கடிதம் வந்தால் 90 நாள் பாதுகாக்க வேண்டும், மறுபடி கேட்டால் இன்னொரு 90 நாள்.

பதிப்புரிமை உரிமையாளரும் ஃபெடரல் நீதிமன்ற எழுத்தரிடமிருந்து சப்பீனா வாங்கிப் பயனரின் அடையாளத்தைக் கேட்கலாம். நீதிமன்றத் தாள் எது வந்தாலும் வழக்கு எண்ணை அந்த நீதிமன்றத்திலேயே கேட்டுச் சரிபாருங்கள், போலி உத்தரவுகளும் சுற்றுகின்றன. உண்மை என்று தெரிந்ததும் வழக்கறிஞரிடம் போங்கள். இந்தக் கட்டத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

11. நாட்காட்டியில் இன்றே போட வேண்டியவை

முகவர் பதிவு முடியும் நாளுக்கு 60 நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல், இரண்டு பேருடைய கைப்பேசியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முகவர் மின்னஞ்சலுக்கு வெளியிலிருந்து ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, அது யார் யாருக்கு வந்து சேர்கிறது என்று பாருங்கள். பேக்கப் எத்தனை நாள் தங்குகிறது என்று உங்கள் ஹோஸ்டிங்கிடம் கேளுங்கள். எங்களுடையதை ஏழிலிருந்து தொண்ணூறு நாளாக்கினோம்.